கோச்சிங் தொடங்குபவருக்கு: அறிவுரை சொல்லாமல் ஒருவர் முன்னேறத் துணை நிற்பது எப்படி

வங்கியில் வருடக்கணக்காக ஒரே மேசையில் இருக்கும் இளைஞர். உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கும் மாணவி. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் மறுபடி வேலைக்குப் போக நினைக்கும் தாய். இவர்கள் மூவருக்கும் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. மாமா சொல்லியிருப்பார், பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருப்பார், முகாமையாளரும் சொல்லியிருப்பார். இத்தனை பேர் சொல்லியும் ஒருவர் அதே இடத்தில் நிற்கிறார் என்றால், இன்னொரு அறிவுரை அவரை நகர்த்தப் போவதில்லை. தான் உண்மையில் என்ன நினைக்கிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்லி, அதைத் தன் காதாலேயே கேட்டு, அடுத்த வாரத்துக்குள் ஒரு சிறு காரியத்தைச் செய்து பார்க்க அவருக்கு ஒரு துணை வேண்டும். அந்தத் துணையாக இருப்பதே கோச்சின் வேலை.

கொழும்பில் இந்த வேலையைப் புதிதாகத் தொடங்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறோம். கம்பனியில் ஓர் அணியைப் பொறுப்பெடுத்தவராக இருக்கலாம், பழைய மாணவர் சங்கத்தின் ஊடாக இளையவர்களுக்கு உதவ முன்வந்தவராக இருக்கலாம், இதையே தொழிலாக்க நினைப்பவராகவும் இருக்கலாம். அடிப்படை எல்லோருக்கும் ஒன்றுதான்.

கோச் செய்வது எது, செய்யாதது எது

ஆசிரியர் தனக்குத் தெரிந்ததைக் கற்பிக்கிறார். வழிகாட்டி தான் நடந்த பாதையைக் காட்டுகிறார். உளவளத்துணையாளர் மனதில் பட்ட காயம் ஆற உதவுகிறார். கோச் இன்றைய நிலையில் தொடங்கி, வந்தவர் தானே தீர்மானித்த ஓர் இடத்துக்கு அவர் போய்ச் சேரும்வரை கூட நடக்கிறார். வழியைத் தெரிவு செய்வதும் நடப்பதும் வந்தவரின் பொறுப்பு.

இதன் வேர் விளையாட்டு மைதானத்தில் இருக்கிறது. 1970களில் அமெரிக்காவில் டிமொத்தி கால்வே என்ற டென்னிஸ் பயிற்சியாளர், "கையை இப்படிப் பிடி, காலை அப்படி வை" என்று கட்டளை போடுவதைக் குறைத்தார். பந்து தரையில் படும்போதும் மட்டையில் படும்போதும் ஒவ்வொரு சொல் சொல்லும்படி மட்டும் ஆட்டக்காரரிடம் கேட்டார். கவனம் பந்தின் மேல் போனதும் கை தானாகவே சரியாக அசையத் தொடங்கியது. கார்ப் பந்தய வீரராக இருந்த ஜோன் விட்மோர் பிரித்தானியாவில் இதை அலுவலகங்களுக்குள் கொண்டுவந்தார். இலக்கு, இப்போதைய நிலை, வழிகள், உறுதி என்ற நான்கு படி முறை அவரும் அவருடன் வேலை செய்தவர்களும் பரவச் செய்தது. இன்றும் புதியவர் பற்றிக்கொள்ள நல்ல சட்டகம் அதுதான். கீழே சொல்லப்படுவதும் பெரும்பாலும் அந்த ஒழுங்கில்தான் போகிறது.

சில கேள்விகளுக்குத் தகவல்தான் பதில். "சீமாவுக்கும் சி.ஏ.க்கும் என்ன வித்தியாசம்?" என்று இரண்டு கணக்கியல் தகைமைகளைப் பற்றிக் கேட்பவரிடம் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பது அவரை அலைக்கழிக்கும். தெரிந்தால் சொல்லுங்கள். சொல்வதற்கு முன் "இரண்டு நிமிடம் நான் தகவல் தருகிறேன், பிறகு உங்கள் கதைக்கு வருவோம்" என்று எல்லையைக் காட்டிவிட்டுச் சொல்லுங்கள், சொன்னபடி திரும்பியும் வாருங்கள்.

யாரை ஏற்கலாம்

யாருடைய வேலையை மதிப்பிட்டுச் சம்பளத்தைத் தீர்மானிக்கிறீர்களோ, அவரை முழுமையாகக் கோச் செய்ய முடியாது. அவர் உங்களிடம் பலவீனத்தைச் சொன்னால் அது வருட இறுதி மதிப்பெண்ணில் வந்து நிற்குமோ என்ற பயம் அவருக்கு இருக்கும், அந்தப் பயம் நியாயமானதும்கூட. அணித்தலைவராக இருப்பவர் இந்தக் கேள்வி முறையை அன்றாட வேலையில் பயன்படுத்தலாம். ஆழமாகப் பேச வேண்டியவரை வேறு பிரிவிலுள்ள ஒருவரிடம் அனுப்புங்கள்.

உறவினரையும் ஏற்க வேண்டாம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம்மவர் வட்டம் சிறியது: ஒரே பள்ளிக்கூடம், ஒரே கோயில், ஒரே தொடர்மாடி. அதனால் முதல் தொலைபேசி உரையாடலிலேயே "நம் இருவருக்கும் தெரிந்தவர்கள் யார்?" என்று கேட்டுவிடுங்கள். வந்தவரின் அத்தையும் உங்கள் மனைவியும் தோழிகள் என்றால் அதை மேசையில் வைத்து, தொடர்வதா என்று அவரே தீர்மானிக்க விடுங்கள். மூன்றாவது சந்திப்பில் அது தெரியவந்தால் அவர் அதுவரை சொன்ன ஒவ்வொன்றையும் நினைத்துக் கவலைப்படுவார்.

ஒரு பக்க உடன்படிக்கை

எழுத்தில் ஒரு பக்கம் இருக்க வேண்டும். இலவசமாகச் செய்தாலும் இருக்க வேண்டும், ஏனென்றால் காசு கைமாறாத இடத்தில்தான் எல்லைகள் சீக்கிரம் கலைகின்றன. எழுத வேண்டியவை இவை: எத்தனை சந்திப்பு, எவ்வளவு நேரம், எங்கே, கட்டணம் என்ன, வர முடியாவிட்டால் எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும், பேசியது யாருக்கும் போகாது என்ற உறுதி, அந்த உறுதி எப்போது பொருந்தாது. கடைசியானது மிக முக்கியம். ஒருவர் தன்னையோ பிறரையோ காயப்படுத்தப் போகிறார் என்று தெரிந்தாலோ, சட்டம் கேட்டாலோ இரகசியம் காக்க முடியாது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

புதியவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது ஆறு சந்திப்பு, ஒவ்வொன்றும் 60 நிமிடம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. ஒரு வார இடைவெளியில், செய்து பார்க்க நேரம் போதாது. ஒரு மாதம் விட்டால் சூடு ஆறிவிடும். நாட்காட்டியைப் பார்த்தே நாள் குறியுங்கள். ஏப்ரல் நடுவில் புத்தாண்டுக் கிழமை, ஊருக்குப் போகிற தைப்பொங்கல், தீபாவளி, மார்ச் 31 இல் கணக்கு முடிக்கும் கம்பனிகளின் கடைசி இரு வாரம் ஆகியவற்றில் வைத்த சந்திப்பு நடக்காது. ஒன்று தவறினால் அடுத்ததும் தவறுவது வழக்கம்.

காசு கொடுப்பவர் வேறு, வருபவர் வேறு என்றால் கூடுதல் கவனம் வேண்டும். கம்பனி கொடுத்தால் தொடக்கத்தில் முகாமையாளர், வருபவர், கோச் மூவரும் அரை மணி நேரம் உட்கார்ந்து, என்ன மாற்றம் எதிர்பார்க்கப்படுகிறது என்று எல்லோர் முன்னிலையிலும் பேசிவிட வேண்டும். அதற்குப் பிறகு கோச் கம்பனிக்குச் சொல்லக்கூடியது, வந்தாரா இல்லையா என்பது மட்டும். முன்னேற்றத்தை வருபவரே தன் வாயால் சொல்லட்டும். பெற்றோர் கொடுத்தாலும் இதே விதிதான். முதல் சந்திப்பு முடிந்த அன்று இரவே அம்மாவிடமிருந்து அழைப்பு வரும்: "என்ன சொன்னவள்?" அன்பினால் கேட்கிறார். பதிலை முன்கூட்டியே தயார் செய்து வையுங்கள்: "நல்லாக் கதைச்சவா அம்மா. என்ன கதைச்சது எண்டு அவாவிட்டையே கேளுங்கோ." இந்த ஒரு வரியில் நீங்கள் வழுக்கினால் மகள் அடுத்த முறை மனம் திறக்க மாட்டாள். வருபவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோரின் எழுத்து அனுமதி வேண்டும். மற்றவர்கள் பார்க்கக்கூடிய, ஆனால் பேச்சுக் கேட்காத இடத்தில் சந்திக்க வேண்டும்.

இடமும் நேரமும்

வார நாளில் மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் காலி வீதியில் பஸ்ஸில் வருபவர் பிந்தித்தான் வருவார். வந்து சேரும்போது பாதி சக்தி பஸ்ஸிலேயே போயிருக்கும். சனிக்கிழமை காலை 9 மணி நல்லது. கதவு மூடக்கூடிய அறை வேண்டும். வீட்டு ஹோலில் வேண்டாம், குசினிக்குள் இருப்பவர்களுக்கு எல்லாம் கேட்கும். சாப்பாட்டுக் கடையில் இரைச்சல் ஒரு பக்கம், தெரிந்த முகம் மறு பக்கம். முகம் பார்த்துப் பேசக் கூச்சப்படுபவருடன் விகாரமகாதேவி பூங்காவிலோ மரைன் டிரைவிலோ நடந்துகொண்டே பேசலாம். தோளோடு தோள் நடக்கும்போது சிலருக்கு வாய் எளிதில் திறக்கும். அறையில் என்றால் மேசைக்கு இரு பக்கமும் எதிரெதிரே உட்காராதீர்கள், அது நேர்முகப் பரீட்சை போல ஆகிவிடும். மேசையின் மூலையில், இரண்டு கதிரையும் சற்றுச் சாய்ந்திருக்கும்படி போடுங்கள்.

சூம் வழியாக என்றால் முதல் கேள்வி: "இப்ப தனியாவா இருக்கிறீங்கள்?" கொழும்பில் போர்டிங்கில் மூன்று பேருடன் அறையைப் பகிர்பவர் "ஓம்", "இல்லை" என்பதற்கு மேல் பேச மாட்டார். அதைப் பார்த்து அவருக்கு ஆர்வமில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அப்படிப்பட்டவருக்கு வீடியோவை விட்டுவிட்டு, அவர் வெளியில் நடந்துகொண்டே பேசும் சாதாரண தொலைபேசி அழைப்பு நன்றாக வேலை செய்யும்.

முதல் சந்திப்பு

முதல் 5 நிமிடம் உடன்படிக்கையை மீண்டும் வாயால் சொல்வதற்கு. அடுத்த 20 நிமிடம் இலக்கு. பிறகு 15 நிமிடம் இப்போதைய நிலை, 15 நிமிடம் வழிகளும் அடுத்த அடியும், கடைசி 5 நிமிடம் அவர் எழுதிக்கொள்வதற்கு. புதியவர்கள் பெரும்பாலும் இலக்கை 3 நிமிடத்தில் தாண்டி வழிகளுக்குப் பாய்ந்துவிடுவார்கள். அதனால்தான் இலக்குக்கே அதிக நேரம் ஒதுக்கச் சொல்கிறோம்.

ஏனென்றால் வருபவர் முதலில் சொல்வது பெரும்பாலும் இலக்காக இருக்காது. "தன்னம்பிக்கை வேணும்", "இங்கிலீஷ் கதைக்கோணும்", "லைஃப்ல ஒரு மாற்றம் வேணும்" என்று யாரோ சொல்லக் கேட்ட சொற்களில்தான் வரும். அதைப் பிடித்துக்கொண்டு கீழே போக வேண்டும். தொடக்கத்தில் சொன்ன வங்கி இளைஞரோடு ஒரு உரையாடல் எப்படிப் போகலாம் என்று பாருங்கள்.

"எனக்குத் தன்னம்பிக்கை இல்லை மிஸ்."

"அது இல்லை எண்டு கடைசியா எப்ப நினைச்சீங்கள்?"

"திங்கட்கிழமை மீட்டிங்கில. என்ர ஃபைலைப் பற்றித்தான் கதைச்சவை. நான் ஒண்டும் சொல்லேல்லை."

"சொல்ல நினைச்சது என்ன?"

"அந்த லோன் ரெண்டு நாளில முடிஞ்சிடும் எண்டு."

"அது மனசில எந்த மொழியில வந்தது?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு: "தமிழில. அதை இங்கிலீஷுக்கு மாத்திறதுக்குள்ள அடுத்த ஆள் தொடங்கிட்டார்."

தன்னம்பிக்கை என்ற சொல்லைக் கேட்டவுடனேயே அதைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றியிருந்தால் இது வெளியே வந்திருக்காது. இவருடைய சிக்கல் சில விநாடிகள் பற்றியது. தமிழில் தோன்றுவதை ஆங்கிலமாக்க அவருக்கு நேரம் போதவில்லை. இப்போது இலக்கு தெளிவாகிறது: "அடுத்த நான்கு திங்கட்கிழமைக் கூட்டங்கள் ஒவ்வொன்றிலும் என் கோப்பைப் பற்றி ஒரு வாக்கியமாவது நான் சொல்வேன்." இலக்கு எழுதியதும் மூன்றைச் சரிபாருங்கள். செய்வது அவர் கையில் இருக்கிறதா? நடந்ததா இல்லையா என்று வெளியில் இருந்து பார்ப்பவருக்குத் தெரியுமா? நாள் இருக்கிறதா? "முகாமையாளர் என்னை மதிக்க வேண்டும்" என்பது முதலாவதிலேயே விழுந்துவிடும்.

இப்போதைய நிலையைக் கேட்கும்போது நடந்ததை மட்டும் கேளுங்கள்: எத்தனை முறை, எந்த நாள், யார் இருந்தார்கள், முன்பு ஒரு தடவையாவது சரியாக நடந்ததா. கடைசிக் கேள்வி பெரிய உதவி. "ஒரு தடவை சொன்னனான், அண்டைக்கு முன்னமே எழுதி வச்சிருந்தன்" என்று அவரே தன் தீர்வை எடுத்துத் தந்துவிடுவார்.

கேள்வி கேட்கும் கை

ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. அது சிறியதாகவும் இருக்க வேண்டும். இரண்டு கேள்வியை ஒட்டிக் கேட்டால் சுலபமான கேள்விக்கு மட்டும் பதில் வரும்.

"ஏன்" என்பதைத் தவிருங்கள். "ஏன் போகவில்லை?" என்பது வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் திட்டு வாங்கிய குரலை நினைவூட்டும். உடனே சாட்டு வரும். "போக விடாமல் மறித்தது என்ன?" என்று கேட்டால் காரணம் வரும். அதேபோல் "அவரோடு நேரே பேசிப் பார்த்தால் நல்லதுதானே?" என்பது கேள்விக்குறி போட்ட அறிவுரை. வருபவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

கேட்டபின் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் ஏழு வரை எண்ணுங்கள். புதியவருக்கு இதுதான் மிகக் கடினம். மௌனம் அவமரியாதை போலத் தோன்றி, தாங்க முடியாமல் கேள்வியை வேறு வார்த்தையில் மறுபடி கேட்பார்கள். அங்கேதான் எதிரே இருப்பவரின் யோசனை அறுந்துபோகும். அவர் கண் மேலேயோ பக்கவாட்டிலோ போயிருந்தால் யோசிக்கிறார், விட்டுவிடுங்கள். உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் கேள்வி விளங்கவில்லை, அப்போது மட்டும் மாற்றிக் கேளுங்கள்.

அவருடைய சொற்களையே திருப்பிப் பயன்படுத்துங்கள். அவர் "மூச்சு முட்டுது" என்றால் நீங்களும் "மூச்சு முட்டுறது எந்த நேரத்தில?" என்றே கேளுங்கள். அதை "மன அழுத்தம்" என்று மாற்றினால் அவர் சொன்ன பொருள் போய்விடும், கூடவே ஒரு நோயாளி முத்திரையும் விழும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் கலந்து பேசினால் கலந்தே பேசட்டும்.

இனி நம்மிடையே மட்டும் கூடுதலாக வரும் ஒரு தடை. வயதில், பதவியில் மூத்தவர் சொன்னால் மறுத்துப் பேசாத வளர்ப்பு நம்முடையது. நீங்கள் ஒரு யோசனை சொன்னவுடன் "ஓம் சேர், செய்யிறன் சேர்" என்று வரும். முகத்தில் சிரிப்பும் இருக்கும். இரண்டு வாரம் கழித்து ஒன்றும் நடந்திருக்காது. அவர் பொய் சொல்லவில்லை, மரியாதை செய்தார். இதைக் கண்டுபிடிக்கும் அடையாளம், சம்மதம் மிக விரைவாக வந்திருக்கும், அதில் நாளோ இடமோ பெயரோ இருக்காது. அப்போது "நான் சொன்னதில் உங்களுக்குச் சரிவராதது எது?" என்று கேளுங்கள். "சரிவராதது இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்பார். "எது?" என்று கேட்டால் மறுப்பதற்கு நீங்களே இடம் கொடுக்கிறீர்கள். "சேர்", "மிஸ்" என்று அழைப்பதை நிறுத்தச் சொல்லி மல்லுக்கட்ட வேண்டாம். "அண்ணா", "அக்கா" ஆக்கினாலும் கீழ்ப்படிய வேண்டிய கடமை குறைவதில்லை. வயதில் எவ்வளவு இளையவராக இருந்தாலும் நீங்கள் அவரை "நீங்கள்" என்று சொல்வது அதைவிட அதிகம் உதவும்.

எவ்வளவு பேசுகிறீர்கள் என்பதை அளந்து பாருங்கள். அவருடைய அனுமதியோடு நடுவில் 10 நிமிடத்தைத் தொலைபேசியில் பதிவு செய்து, உங்கள் குரல் எத்தனை நிமிடம் என்று கூட்டிப் பாருங்கள். மூன்றுக்கு மேல் இருந்தால் அது கோச்சிங் ஆகாது. கேட்டு முடித்ததும் பதிவை அழித்துவிடுங்கள்.

முடிவைச் சிறிதாக்குவது

வழிகள் என்று வரும்போது குறைந்தது மூன்றையாவது அவரே சொல்லும்வரை "வேற என்ன?" என்று கேட்டுக்கொண்டிருங்கள். முதலாவது பெரும்பாலும் மற்றவர்கள் சொன்னது. இரண்டாவது, அவர் செய்து தோற்றது. மூன்றாவதுக்கு வரும்போதுதான் சொந்த யோசனை தலைகாட்டும்.

தெரிவு செய்த வழியைச் செயலாக மாற்றும்போது எப்போது, எங்கே, எதற்குப் பிறகு என்பதையும் சேர்க்க வேண்டும். பீற்றர் கொல்விற்சர் என்ற உளவியலாளர் இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறார். "இன்ன நேரம் வந்தால் இன்னதைச் செய்வேன்" என்று கட்டிவைத்த தீர்மானம், வெறும் "செய்வேன்" என்பதைவிட அதிகம் நிறைவேறுகிறது. நம் வங்கி இளைஞருக்கு அது இப்படி அமையும்: "ஞாயிறு இரவு சாப்பிட்டு முடித்ததும், சாப்பாட்டு மேசையிலேயே இருந்து, மறுநாள் கூட்டத்துக்கு இரண்டு ஆங்கில வாக்கியம் எழுதுவேன்." பிறகு தடையையும் கேளுங்கள். அன்று விருந்தாளி வந்தால்? "திங்கள் காலை ரெயினில் எழுதுவேன்." இதுவும் அவர் வாயிலிருந்தே வர வேண்டும்.

கடைசியாக, "செய்வீங்கள் எண்டதுக்கு 10க்கு எத்தனை?" என்று கேளுங்கள். 8க்குக் கீழே வந்தால் உற்சாகப்படுத்த முயலாமல் வேலையைச் சிறிதாக்குங்கள். இரண்டு வாக்கியம் ஒன்றாகட்டும். ஒரு சந்திப்புக்கு ஒரு செயல், அதிகம் போனால் இரண்டு. ஐந்து எழுதிக்கொண்டு போனவர் எதையும் செய்யாமல்தான் திரும்பி வருவார். எழுதுவதும் அவர் கையெழுத்தில், அவர் கொப்பியில் இருக்க வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது பள்ளிக்கூட வீட்டுப்பாடம் ஆகிவிடும்.

குடும்பத்தை மறந்த திட்டம் எதுவும் நம் வீடுகளில் நிற்காது. வேலை மாறுவது, வெளிநாட்டுப் படிப்பு, திருமணத்தைத் தள்ளிப்போடுவது எதையும் ஒருவர் தனியாகத் தீர்மானிப்பதில்லை. "உங்கள் வாழ்க்கை, உங்கள் முடிவு" என்று கிளப்பிவிட்டு அனுப்பினால் அவர் அன்றிரவே வீட்டில் சண்டை போட்டுத் தோற்றுப்போவார். அடுத்த அடி "அப்பாவோடு பேசுவது" என்றால் அதையே ஒரு செயலாக எடுத்து ஒத்திகை பாருங்கள். நீங்கள் அப்பாவாக இருங்கள். அப்பா வழக்கமாகச் சொல்லும் வசனத்தை அவரிடமே கேட்டு அதையே சொல்லுங்கள். அப்பா எந்த நேரத்தில் அமைதியாக இருப்பார், அம்மா முதலில் தெரிந்திருக்க வேண்டுமா, கேட்கப்போவது அனுமதியா ஆலோசனையா என்று தெளிவாகும்வரை பேசுங்கள். பத்து நிமிடம் போதும். முதல் தடவை தடுமாறுவார், இரண்டாம் தடவை குரல் நிலைக்கும்.

இரண்டாவது சந்திப்பிலிருந்து

போன முறை எழுதிய செயலில் இருந்தே தொடங்குங்கள். நலம் விசாரிப்பில் கால் மணி நேரம் போனால், செய்யாதவர் அதற்குள் ஒளிந்துகொள்வார்.

செய்யவில்லை என்றால் இரண்டு பதில்கள் உங்கள் நாக்கில் தயாராக இருக்கும். ஒன்று கண்டிப்பு, மற்றது "பரவாயில்லை". கண்டிப்பு கெடுதல் என்று எல்லோருக்கும் தெரியும். "பரவாயில்லை"யும் அதே அளவு கெடுக்கும், ஏனென்றால் அந்தச் சொல்லோடு கதவு மூடி, ஏன் நடக்கவில்லை என்பது உள்ளேயே தங்கிவிடும். "ஞாயிறு இரவு சாப்பிட்ட பிறகு என்ன நடந்தது?" என்று அந்த நேரத்தையே கேளுங்கள். வேலை பெரிதாக இருந்திருக்கும், அல்லது அது உண்மையில் உங்கள் யோசனையாக இருந்திருக்கும், அல்லது அவர் சொல்லாத ஒரு தடை இருந்திருக்கும். முதலாவதைச் சிறிதாக்கலாம். இரண்டாவதைக் கைவிடலாம். மூன்றாவதுதான் இன்றைய சந்திப்பின் பொருள். தொடர்ந்து இரண்டு முறை நடக்காவிட்டால் இலக்கையே மறுபடி திறந்து பாருங்கள்.

சந்திப்பு முழுவதும் முகாமையாளரைப் பற்றிய முறைப்பாடாகப் போவதும் உண்டு. பத்து நிமிடம் கேளுங்கள், அவருக்கு அது தேவை. பிறகு "இதில் உங்கட கையில இருக்கிறது எது?" என்று திருப்புங்கள். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை, இதை நாங்கள் மிகவும் அழுத்திச் சொல்கிறோம். அநியாயத்தைச் சுயமுன்னேற்றமாக மாற்றிவிடாதீர்கள். சம்பளத்தில் தொழிலாளி பங்காக 8 சதவீதம் வெட்டிவிட்டு ஈ.பி.எஃப் எனப்படும் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கில் போடாத முதலாளியிடம் வேலை செய்பவருக்கு "பொறுமையை வளர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது கொடுமை. முதலாளியும் தன் பங்காக 12 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களம் இருக்கிறது. அலுவலகத்தில் பாலியல் தொல்லை, அவமானப்படுத்தல் போன்றவையும் இப்படித்தான். அங்கே கோச்சின் வேலை, சரியான இடத்தில் முறையிடத் தேவையான திகதி, கடிதம், சாட்சிகளை ஒழுங்குபடுத்த அவருக்குத் துணை நிற்பது.

உங்கள் பக்கம் வரும் பிழைகளில் இரண்டு அடிக்கடி நடக்கும். ஒன்று, "நான் உங்கட வயசில..." என்று தொடங்குவது. கதை சுவையாகத்தான் இருக்கும், அவரும் தலையாட்டுவார். அந்தப் பத்து நிமிடம் அவருக்கு உரியது. மற்றது, நாளுக்கு மூன்று வட்ஸ்அப் செய்திக்குப் பதில் எழுதுவது. உங்களைக் கேட்காமல் ஒன்றும் செய்ய முடியாத நிலைக்கு அவர் வந்துவிட்டால் நீங்கள் அவரைப் பலவீனப்படுத்திவிட்டீர்கள். இரண்டு சந்திப்புக்கு இடையில் ஒரே ஒரு செய்தி, செயல் முடிந்ததும் "முடிஞ்சுது" என்று, போதும்.

மூன்றாவது சந்திப்பின் முடிவில் எது உதவுகிறது, எது உதவவில்லை என்று கேளுங்கள். நேரில் கேட்டால் "எல்லாம் நல்லம் சேர்" என்றுதான் வரும். வீட்டுக்குப் போய் இரண்டு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

எங்கே நிறுத்த வேண்டும்

இரண்டு வாரத்துக்கு மேல் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, முன்பு பிடித்த எதிலும் மனம் போகவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் அது இலக்கு நிர்ணயிக்கும் நேரம் அல்ல. போரின் இழப்பு, காணாமல் போன உறவு, வீட்டு வன்முறை ஆகியவை பேச்சில் திரும்பத் திரும்ப வந்தாலும் அப்படித்தான். கோச்சிங்கை நிறுத்தி, மனநல மருத்துவரிடமோ பயிற்சி பெற்ற உளவளத்துணையாளரிடமோ அனுப்புங்கள். அரசாங்க வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் சிகிச்சை இலவசம்.

"சாகலாம் போல இருக்கு" என்ற பொருளில் எதையாவது சொன்னால் சுற்றி வளைக்காமல் "தற்கொலை செய்ய நினைக்கிறீங்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, சொல்ல ஆள் கிடைத்த ஆறுதல்தான் வரும். ஓம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். 1926 என்பது தேசிய மனநல நிறுவகத்தின் 24 மணி நேர இலக்கம். உங்கள் முன்னிலையிலேயே அழைக்கச் செய்யுங்கள், அல்லது நீங்களே அழையுங்கள். உடனடி ஆபத்து என்றால் கூட்டிக்கொண்டு நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். அனுப்பும்போது "இது என்னால முடியாது" என்று சொல்லாதீர்கள், தன்னைக் கைவிட்டதாக அவர் எடுத்துக்கொள்வார். "இதுக்கு என்னைவிட நல்லா உதவக்கூடிய ஆக்கள் இருக்கினம், நானும் கூட வாறன்" என்று சொல்லுங்கள்.

குறிப்பேடு

ஒவ்வொரு சந்திப்புக்கும் நான்கு வரி போதும்: திகதி, அவர் சொன்ன இலக்கு, எடுத்த செயல், அடுத்த முறை கேட்க வேண்டியது. பெயருக்குப் பதில் ஓர் எழுத்தோ இலக்கமோ போடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் இருக்கிறது என்பதை மனதில் வைத்து, தேவைக்கு மேல் எழுதாமலும் தேவை முடிந்தபின் வைத்திருக்காமலும் பழகுங்கள். ஒருவர் வெற்றி பெற்றதும் அதைப் பேஸ்புக்கில் போட ஆசை வரும். பெயர் போடாவிட்டாலும், "வெள்ளவத்தையில் இருந்து வந்த வங்கி ஊழியர்" என்றாலே பத்துப் பேருக்கு ஆள் யார் என்று தெரியும்.

பயிற்சி

ஒரு நாள் வகுப்பில் "சான்றிதழ் பெற்ற கோச்" ஆக்குவதாகச் சொல்லும் விளம்பரங்களை நம்பாதீர்கள். ஐ.சி.எஃப் எனப்படும் சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் முதல் நிலைச் சான்றுக்கே குறைந்தது 60 மணி நேரக் கற்கை, 100 மணி நேரக் கோச்சிங் அனுபவம், மூத்த கோச் ஒருவரிடம் 10 மணி நேரப் பயிற்சி தேவை. அடுத்த நிலைக்கு அனுபவம் 500 மணி நேரமாகிவிடும். எந்த வகுப்பில் காசு கட்டும் முன்பும் அது இந்தக் கணக்கில் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள்.

அதற்கு முன் செலவில்லாமல் செய்யக்கூடியது மூவர் பயிற்சி. ஒருவர் கோச், ஒருவர் தன் உண்மையான, ஆனால் சிறிய பிரச்சினை ஒன்றைக் கொண்டு வருபவர், மூன்றாமவர் பார்வையாளர். 20 நிமிடம் உரையாடல், 10 நிமிடம் கருத்து, பிறகு இடம் மாறுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் மூவரும் மூன்று இடத்திலும் இருந்திருப்பீர்கள். கருத்துச் சொல்லும்போது வந்தவர் முதலில் பேசட்டும், கோச் கடைசியில். பார்வையாளர் நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. தொடக்கத்தில் அவர் இரண்டு எண்ணிக்கையை மட்டும் எழுதினால் போதும்: கோச் கேட்ட கேள்வி எத்தனை, சொன்ன அறிவுரை எத்தனை. கேள்விக்குறி போட்ட அறிவுரைகளை இரண்டாவது கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.